அழற்சியைக் குறைக்கும் உணவுமுறைக்கு மாறினால் முடக்குவாத மாத்திரையை நிறுத்திவிட முடியுமா?

நிறுத்த முடியாது. அதற்காக உணவை மாற்றுவது வீண் வேலை என்றும் நினைத்துவிடாதீர்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுத்துவருவதாகவும், ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டதாகவும், எடை கூடியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவம் படித்தவன் அல்லன். ஆனால் இதே வாதத்தோடு பல ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறேன், இதே கேள்வியை என் மருத்துவரிடமும் கேட்டிருக்கிறேன்.

காயம்பட்ட விரல் சிவந்து வீங்குவதும் அழற்சிதான். கிருமி ஒழிந்ததும் அது தானே அடங்கிவிடும். நாட்பட்ட நோய்களில் அப்படி அடங்குவதில்லை. முடக்குவாதத்தில் நோயெதிர்ப்பு மண்டலம் மூட்டின் உட்சவ்வையே பகையாகக் கருதித் தாக்குகிறது. சர்க்கரை நோயிலும் இதய நோயிலும் அழற்சி வலியே தெரியாமல், குறைந்த அளவில் நீடிக்கிறது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது, அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் சி.ஆர்.பி. என்னும் புரதத்தை உற்பத்தி செய்கிறது. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துத்தான் அழற்சி எவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள். இந்த அழற்சி நோயின் அடையாளம் மட்டுமா, காரணமும்தானா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேரில் ஒரு பகுதியினருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணிக்கும் கனகினுமாப் என்ற ஊசி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நடுத்தர அளவில் அந்த மருந்தைப் பெற்றவர்களுக்கு இதயப் பாதிப்புகள் சுமார் 15 சதவீதம் குறைந்தன. உயிரைப் பறிக்கும் நோய்த்தொற்றுகள் சற்றே கூடவும் செய்தன. அழற்சியை ஒரேயடியாக அழுத்துவதற்கும் விலை உண்டு.

உணவுக்கு வருவோம். இதில் அதிகம் பேசப்படுவது ஸ்பெயினில் சுமார் 7,500 பேரிடம் நடந்த ஆய்வு. ஆலிவ் எண்ணெய் அல்லது கொட்டைப் பருப்புகளோடு காய்கறி, பயறு, மீன் நிறைந்த உணவைப் பின்பற்றியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்தன. 2013-இல் வெளியான அந்தக் கட்டுரை, பங்கேற்பாளர்களைக் குழுக்களாகப் பிரித்ததில் குறை இருந்ததால் திரும்பப் பெறப்பட்டு, 2018-இல் திருத்தப்பட்டு மீண்டும் வெளிவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை என்றாலும், அதைச் சற்று நிதானத்தோடு மேற்கோள் காட்டுவதே நேர்மை. என் கண்ணில் அந்த ஆய்வின் முக்கியப் பாடம், எந்த ஒரு பொருளும் தனியாக மாயம் செய்வதில்லை, தட்டில் உள்ள அனைத்தும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்பதே.

மூட்டுவலியைப் பொறுத்தவரை ஓரளவு நல்ல சான்று இருப்பது மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புக்குத்தான். நாளொன்றுக்குச் சுமார் 3 கிராம் அளவில் சில மாதங்கள் எடுத்தவர்களுக்கு வலியும் காலை விறைப்பும் ஓரளவு குறைந்தன. வலி மாத்திரையின் தேவையும் குறைந்தது. ஆனால் வலி குறைவது வேறு, எலும்பு அரிக்கப்படுவது நிற்பது வேறு. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் அந்த அரிப்பையே மட்டுப்படுத்துகின்றன. வலி அடங்கியிருக்கும் காலத்திலும் மூட்டு உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருக்கலாம், சிதைந்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் முதல் வரியிலேயே அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

எனக்கு ஆய்வக அறிக்கையைவிட நெருக்கமான அளவுகோல், காலையில் சட்டையின் மேல் பொத்தான். முன்பெல்லாம் விரல்கள் மடங்காமல், அதை வேறு யாராவதுதான் போட்டுவிட வேண்டியிருக்கும். இனிப்புப் பானங்களையும் பாக்கெட் தின்பண்டங்களையும் விட்டு, பயறும் மீனும் கீரையும் கூட்டி, எடையும் இறங்கிய பிறகு, இப்போது குளித்து முடிப்பதற்குள் விரல்கள் வழிக்கு வந்துவிடுகின்றன. ஆனால் அதே காலத்தில் மருந்தின் அளவையும் மருத்துவர் கூட்டியிருந்தார். ஆகவே இதில் உணவின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

உங்கள் நிலையில் உணவு மாற்றத்தால் கிடைக்கும் பெரும் பலன் எடை வழியாகவே வரும் என்று நினைக்கிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதை இலக்காகக் கொண்ட உணவும் உடற்பயிற்சியும் சர்க்கரை நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை குறைத்தது 31 சதவீதம்.

மஞ்சள் சாரம் அடைத்த மாத்திரைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவற்றில் உள்ள குர்குமின் என்ற மஞ்சளின் வேதிப்பொருள் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சுதலைக் கூட்ட மிளகுச் சாரம் சேர்த்து விற்கப்படும் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது. உங்கள் மருந்தும் கல்லீரலைக் கவனிக்க வேண்டிய மருந்துதான். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். சமையலில் சேரும் மஞ்சளுக்கு இந்தக் கவலை இல்லை. தக்காளியையும் கத்தரிக்காயையும் விலக்கச் சொல்லும் அறிவுரைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஐயம் இருந்தால் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். வேறு நோய் உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு குறிப்பு: ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டக் கூடாது, சிறுநீரகச் செயல் குறைந்தவர்கள் பழங்களிலும் பருப்புகளிலும் உள்ள பொட்டாசியத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மருந்தைக் குறைக்கும் வாய்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீக்கமும் விறைப்பும் இல்லாமல், சி.ஆர்.பி. அளவும் இயல்பாகவே பல மாதங்கள் நீடித்தால், சில நோயாளிகளுக்கு மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பதுண்டு. அந்தப் பேச்சுக்குப் போகும்போது உங்கள் உணவுக் குறிப்பையும், காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்ற குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். சளி, காய்ச்சல் வந்த வாரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்; அப்போது வாதம் கூடாமலே சி.ஆர்.பி. ஏறியிருக்கக்கூடும்.