டவாலியும் பொன்னாடையும்

கேள்வி: பிரேசில் அதிபர் பதவியேற்பு, பிரான்ஸில் மேயர் நடத்தும் திருமணம், நம்மூர் கலெக்டர் ஆபீஸ் டவாலி... எங்கே பார்த்தாலும் தோளிலிருந்து இடுப்புக்கு ஒரு பட்டை. வெறும் துணிக்கு ஏன் சார் இத்தனை மதிப்பு?
- வாசகர், களியக்காவிளை

பதில்: 'வெறும்' துணியா? அதுவும் களியக்காவிளையில் இருந்துகொண்டு! அண்ணாச்சி, நீங்கள் நிற்பது பழைய திருவிதாங்கூர் மண். தோளில் துணி கிடந்ததற்காக அடிதடியும் தீவைப்பும் நடந்த இடம். 1859-இல் உத்திரம் திருநாள் மகாராஜா போட்ட உத்தரவைப் பாருங்கள்: நாடார் பெண்கள் மேலே துணி போடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது. துணியைக் கொடுத்தார், மடிப்பைக் கொடுக்கவில்லை! சாமித்தோப்பு அய்யாவழிப் பதியில் (கோயிலில்) ஆண்கள் இன்றும் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகிறார்கள். கட்டக் கூடாது என்றவர்களுக்கு அய்யா வைகுண்டர் சொன்ன பதில் அது.

பிரேசிலில் 2023 ஜனவரி 1 அன்று புது அதிபர் லூலாவுக்குப் பட்டையை மாற்றிவிட வேண்டிய பழைய அதிபர் போல்சனாரோ ஊரிலேயே இல்லை, ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். குப்பை சேகரிக்கும் தொழிலாளிப் பெண் ஒருவர் அதை லூலாவுக்குப் போட்டுவிட்டார். பிரான்ஸில் மேயரே மூவண்ணப் பட்டை போட்டுக்கொண்டு கல்யாணம் செய்துவைக்கிறார். நம்மிடம்? கலெக்டர் அரைக்கைச் சட்டையில் ஏசிக்குள் இருக்கிறார். சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் வாசலில் நிற்கிற டவாலிச் சேவகர் தோளில். சித்திரை வெயிலிலும் கழற்ற முடியாது. வெள்ளைக்காரன் போன பிறகும் இதை ஏன் கட்டி அழுகிறோம் என்று நானும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

தோள் என்றதும் பொன்னாடை ஞாபகம் வந்துவிட்டது, மன்னியுங்கள். நம் மாவட்டத்து இலக்கியக் கூட்டங்களில் போர்த்துகிறவர் பெயரை அறிவிக்க மறந்தால் அவர் ஆறு மாதம் பேச மாட்டார். போர்த்தப்படுகிறவரின் புத்தகத்தின் பெயரைத் தப்பாகச் சொன்னால் யாருக்கும் கவலையில்லை. அந்தப் பாலியெஸ்டரும் கழுத்தை அறுக்கும், வேர்வையை உறிஞ்சாது, முகம் துடைத்தால் ஜரிகை கீறும். இதை மேடையிலேயே சொன்னதில் ஓர் அமைப்பின் செயலாளர் இன்றுவரை என்னோடு சண்டை. ஆனால் அழைப்பிதழ் மட்டும் தவறாமல் அனுப்புகிறார், 'பொன்னாடை தவிர்க்கவும்' என்று என் பெயருக்குக் கீழே அச்சடித்து. மற்றவர்களுக்கு வழக்கம்போல உண்டு. செயலாளர் அவர்களே, எனக்கு ஒரு துவர்த்து போதும், கைத்தறியாக இருந்தால் சரி. குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்வேன்.