பொறுமையை யாரிடம் காட்டுகிறோம்?

கேள்வி: மண்டபம் பக்கத்தில் நண்டும் மீனும் வாங்கும் கம்பெனி ஒன்றில் எடை போட்டுக் கணக்கு எழுதுகிறேன். வயது 36. ஒவ்வொரு ஜனவரியிலும் பொறுமை, உண்மை, சிக்கனம், இனிய சொல் என்று பத்துக் குணங்களை டைரியில் எழுதி, இரவில் அன்றைய நடத்தைக்கு மதிப்பெண் போடுவேன். தை முடிவதற்குள் டைரி மூலைக்குப் போய்விடும். போன வாரம், எடையை மறுபடி பார்க்கச் சொன்ன ஒரு வயதான அம்மாவிடம் நாலு பேர் முன்னால் எரிந்து விழுந்தேன். அதற்குச் சற்று முன்புதான் மேலாளர் தொலைபேசியில் திட்டியதை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். டைரியைப் பார்த்த என் மாமனார், "தயையும் கொடையும் பிறவிக் குணம் என்று ஔவையாரே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை நல்லவராக நடிக்கத்தான் பழகுகிறார்" என்கிறார். பழகி வருவது நல்ல குணமாகுமா?
— ஒரு வாசகர், மண்டபம்

பதில்: அன்புத் தம்பி, ஆகும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் மாமனார் சொல்வது "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்று தொடங்கும் பாட்டின் கடைசி அடி. நட்பு, தயை, கொடை மூன்றையும் பிறவிக் குணம் என்றுதான் அது முடிகிறது. ஆனால் அதற்கு முந்திய அடி, அன்றாட நடையைப் பழக்கத்தின் கணக்கில்தான் வைத்திருக்கிறது. ஔவையார் மேல் எவ்வளவு மதிப்பு இருந்தாலும் அந்தக் கடைசி அடியை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஏற்க முடியாததற்குச் சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

மேலாளர் திட்டியபோது வாய் திறக்காமல் இருந்தீர்கள். அதன் பெயர் பொறுமைதான். கோபம் வந்தது, அதை அடக்கினீர்கள், குரல் உயரவில்லை. ஆக, பொறுமை உங்களிடம் தாராளமாக இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து நீங்கள் அதைப் பழகி வந்திருக்கிறீர்கள். நமக்குக் கெடுதல் செய்யக்கூடியவர்கள் முன்னால் எல்லோரும் பொறுமைசாலிகள்தான். அந்த அம்மாவால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது என்று உங்கள் மனதுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அவரிடம் அது நிற்கவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நானும் இந்தக் கரையில் வளர்ந்தவள். கம்பெனியில் முன்பணம் வாங்கிய படகுக்காரர் வேறு இடத்தில் மீனைப் போட முடியாது. எடை குறைகிறது என்று தோன்றினாலும், "சரி, எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் இரண்டாம் முறை கேட்கிறார் என்றால், வீட்டிலிருந்தே தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வந்து கேட்கிறார் என்று பொருள். அவர் மீது விழுந்த உங்கள் சத்தம், பின்னால் கூடையோடு நின்ற அத்தனை பேரின் வாயையும் அடைத்திருக்கும்.

ஆகவே முதல் வேலை, அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பது. நாலு பேர் முன்னால் திட்டினீர்கள், நாலு பேர் முன்னால் கேளுங்கள். மேலாளர் திட்டினார், வேலை நெருக்கடி என்று காரணம் எதுவும் சொல்லாதீர்கள். "அன்றைக்கு நான் பேசியது தவறு. நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் எடை காட்டுகிறேன்" என்பது போதும்.

இனி அந்த டைரி. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளினும் இளவயதில் இப்படித்தான் 13 குணங்களை ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதி, வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைப்பார். அடுத்த சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. பிறகு பென்சிலால் எழுதி ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினார். பொருள்களை ஒழுங்காக வைக்கும் பழக்கம் மட்டும் தனக்குக் கடைசிவரை கைகூடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்தது இன்னொன்று. அவருடைய முதல் பட்டியலில் பணிவு இல்லை. "உன்னைக் கர்வம் பிடித்தவன் என்று ஊர் நினைக்கிறது" என்று நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் 13ஆவதாக அதைச் சேர்த்தார். நமக்கு எது குறைவு என்பது டைரிக்குத் தெரியாது, எதிரே நிற்பவருக்குத்தான் தெரியும். உங்களுக்கு அந்த அம்மா சொல்லிவிட்டார்.

ஆனால் வாரத்துக்கு ஒன்று என்ற அவருடைய வேகம் எனக்கு உடன்பாடில்லை. பத்தையும் அடித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: தராசடியில் பொறுமை. வீட்டில், பஸ்ஸில், கோயிலில் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

அதையும் மன உறுதியை மட்டும் நம்பிச் செய்ய வேண்டாம். உங்கள் எலக்ட்ரானிக் தராசின் எண் தெரியும் பக்கம் இப்போது யாரைப் பார்த்து இருக்கிறது? பெரும்பாலான இடங்களில் கணக்கு எழுதுகிறவரைப் பார்த்துத்தான் இருக்கும். அதை மீன் கொண்டுவருகிறவர் பக்கம் திருப்பிவிட்டு, நீங்கள் எட்டிப் பார்த்து எழுதுங்கள். கூடைக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்பதை நோட்டில் எழுதுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுபடி கேட்டால், முதலில் சொன்ன அதே குரலில் மறுபடி சொல்லுங்கள். முதலாளி முகம் சுளித்தால், எண்ணைக் கண்ணால் பார்த்தவர் திரும்பக் கேட்க மாட்டார், வேலை சீக்கிரம் முடியும் என்று எடுத்துச் சொல்லுங்கள். அது உண்மையும்கூட. உங்கள் பழைய பட்டியலில் இருந்த உண்மையும் இனிய சொல்லும் பாதிக்குமேல் இதிலேயே வந்துவிடும்.

நம் கரையில் நல்ல நடத்தை இப்படித்தான் நிலைத்திருக்கிறது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்தது, வலை அறுபட்டுச் சண்டை மூளக்கூடாது என்பதற்காக. பாம்பன் பக்கம் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்தார்கள். மற்ற நாள்களில் பாசி வளரட்டும் என்று விடுகிறார்கள். வருமானம் குறையும் என்று தெரிந்தே விடுகிறார்கள். பிறவியிலேயே ஆசை இல்லாதவர்களா அவர்கள்? வீட்டில் அடுப்பெரிய வேண்டியவர்கள். அவர்களை நடிக்கிறார்கள் என்று உங்கள் மாமனாரும் சொல்ல மாட்டார். அவரோடு வாதம் செய்ய வேண்டாம். பெரியவர், சொல்லிவிட்டுப் போகட்டும்.

டைரியில் மதிப்பெண் போடாதீர்கள். குரல் உயர்ந்த நாளில், யாரிடம் உயர்ந்தது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். அதில் எத்தனை பேர் உங்களை எதிர்த்துப் பேசக்கூடியவர்கள் என்று பாருங்கள்.

நாளைக்கே தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீனுக்குக் கிராக்கி கூடும், விலை ஏறும், உங்கள் தராசடியில் நெருக்கடியும் ஏறும். அதற்குள் இந்தப் பழக்கம் கையில் வந்திருக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். சிக்கனத்தை ஜூனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.