சோத்தோ ஆயாமில் மஞ்சளின் பச்சை வாசனை

வணக்கம். பிள்ளைகளுக்காக வைத்த சோத்தோ ஆயாமில் மஞ்சளின் பச்சை வாசனை போகவில்லை என்றும், மறுமுறை சூடாக்கியபோது கண்ணாடிச் சேமியா சாற்றையெல்லாம் உறிஞ்சிக் குழைந்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள்.

இந்த இந்தோனேசியக் கோழி சூப்பில் பிழை பெரும்பாலும் மசாலாவை வதக்கும்போதே நேர்ந்துவிடுகிறது. சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மஞ்சள், கொத்தமல்லி விதை, கெமிரி (candlenut) என்ற எண்ணெய்ப்பசையுள்ள கொட்டை ஆகியவற்றை அரைத்த விழுதைக் கொதிக்கும் சாற்றில் நேரே கரைத்துவிடாமல், தட்டிய எலுமிச்சைப்புல்லோடு சேர்த்து, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து நிறம் சற்றுக் கருக்கும் வரை சிறு தீயில் பொறுமையாக வதக்க வேண்டும். கெமிரியைப் பச்சையாக உண்ணக் கூடாது என்பதாலும் இந்த வதக்கல் அவசியம். அது கிடைக்காவிட்டால் முந்திரி போதும்.

சேமியாவைத் தனியே ஊறவைத்து, பரிமாறும்போது கிண்ணத்தில் இட்டு, அதன் மேல் சூடான சாற்றை ஊற்றுங்கள். எலுமிச்சைச் சாற்றையும் சம்பல் என்ற மிளகாய் விழுதையும் அவரவர் மேசையில் சேர்த்துக்கொள்ளட்டும். கிழக்கு ஜாவாவின் லாமோங்கான் பாணியில், இறால் அப்பளத்தையும் பொரித்த பூண்டையும் சேர்த்துப் பொடித்த கோயாவைத் தூவினால் சாறு சற்றே கெட்டிப்படும். காரம் உண்ணாத பிள்ளைகளுக்கு, என் கணிப்பில், சம்பலைவிட அதுவே பிடிக்கும்.