மார்மன் ஞானஸ்நானம் ஏன் செல்லாது?

வணக்கம் சார்,

நான் கத்தோலிக்கன். சி.எஸ்.ஐ.யிலிருந்து எங்கள் சபைக்கு வருகிறவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. மார்மன் ஒருவர் வந்தால் மட்டும் முதலிலிருந்து கொடுக்கிறார்கள். அவர்களும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால்தானே முழுக்குகிறார்கள்? இது வெறும் காழ்ப்பு இல்லையா?

அமலன்

அன்புள்ள அமலன்,

காழ்ப்பு என்று நான் நினைக்கவில்லை. இந்த விஷயத்தில் ரோம் ரொம்பத் தாராளம். ஞானஸ்நானம் கொடுப்பவர் பதிதராக இருந்தாலும் அது கிறிஸ்துவுடையதுதான் என்று அகுஸ்தினார் பாவிகளான குருக்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்ற தொனாத்து பிரிவினரோடு மல்லுக்கட்டிய காலத்திலிருந்தே அப்படித்தான். ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும் குழந்தைக்கு, வேறு யாரும் இல்லையென்றால், ஓர் இந்து நர்ஸ்கூடத் தண்ணீர் ஊற்றி அந்த வார்த்தைகளைச் சொல்லலாம், திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் செல்லும்.

அப்படிப்பட்ட சபை 2001 ஜூனில், ராட்சிங்கர் (பின்னாளில் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட்) தலைமையில் இருந்த வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் வழியாக, மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்றது. காரணம், மார்மன்களுக்குப் பிதாவும் சுதனும் ஆவியும் ஒரே கடவுள் அல்ல, தனித்தனியான மூவர். பிதாவுக்குச் சதையும் எலும்புமாக உடம்பு உண்டு. அவர் ஒரு காலத்தில் மனிதராக இருந்தவர் என்றே மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1844இல் பிரசங்கம் செய்தார். சி.எஸ்.ஐ.காரரோடு நமக்குப் பாப்பரசரைப் பற்றிச் சண்டை இருக்கலாம், மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தில் சண்டை இல்லை.

அப்புறம், மறுபக்கத்தை யாரும் கேட்பதே இல்லை. கத்தோலிக்க ஞானஸ்நானத்தை மார்மன்களும் ஏற்பதில்லை. அப்போஸ்தலர்கள் போனதோடு குருத்துவ அதிகாரமும் உலகத்தை விட்டுப் போய்விட்டது, 1829இல் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஸ்நாபக அருளப்பரே வந்து ஸ்மித்தின் தலையில் கை வைத்து அதைத் திருப்பிக் கொடுத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தக் கணக்கில் உங்கள் ஞானஸ்நானம் மட்டுமல்ல, பாப்பரசருடையதும் செல்லாது.

உண்மையான உரசல் செத்தவர்கள் விஷயத்தில்தான். இறந்துபோனவருக்குப் பதிலாக உயிரோடு இருக்கும் ஒருவரை மார்மன் கோவிலில் முழுக்குவார்கள், ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்துமாவின் விருப்பம் என்பார்கள். இதற்குப் பெயர்கள் வேண்டுமே, அதனால் உலகமெங்கும் பழைய பதிவேடுகளை படம் எடுத்துச் சேர்க்கிறார்கள். 2008 ஏப்ரலில் வத்திக்கான் தலையிட்டு, பங்குக் கோவில்களின் பதிவேடுகளை அவர்களிடம் கொடுக்காதீர்கள் என்று மறைமாவட்டங்களுக்குச் சொல்லிவிட்டது. (செல்லாத ஞானஸ்நானத்தால் செத்துப்போன பாட்டிக்கு என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் ஜெபமாலையோடு அடக்கம் செய்த பாட்டியின் பெயரை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டால் வீட்டுக்காரர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும்.)

அதே 2008இல்தான், கலிபோர்னியாவில் ஒருபால் திருமணத்துக்கு எதிரான வாக்கெடுப்புக்குக் கைகொடுங்கள் என்று சான் பிரான்சிஸ்கோ பேராயர் நீடராயர் மார்மன் தலைமைக்கு எழுதினார், அவர்களும் ஆளும் பணமுமாக இறங்கினார்கள். அவர் முன்பு மார்மன் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டியில் ஆயராக இருந்தவர், அவர்களை நன்றாகத் தெரிந்தவர். எனக்கு அந்த நோக்கத்தில் உடன்பாடில்லை. ஆனால் இந்த இரு சபைகளும் எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்பதை அந்த ஒரே வருடத்தில் பார்த்துவிடலாம். 2019 மார்ச்சில் பாப்பரசர் பிரான்சிஸ் அப்போதைய மார்மன் தலைவர் ரசல் நெல்சனை வத்திக்கானில் சந்தித்தார், மறுநாளே ரோமில் மார்மன் கோவிலின் அர்ச்சிப்பு தொடங்கியது. அதற்காக 2001 தீர்ப்பை யாரும் திரும்பப் பெறவில்லை. கத்தோலிக்கர் ஒருவர் மார்மனாகப் போனால் அவரும் இன்றைக்கும் தொட்டியில் இறங்கித்தான் ஆக வேண்டும்.