செய்வித்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சோழ அரசி செம்பியன் மாதேவியைப் பற்றி அண்மையில் வந்த ஒரு சரித்திர நாவலை இரண்டே இரவில் படித்து முடித்தேன். எங்கள் வாசகர் வட்டத்தில் அதை வைத்துச் சண்டையே வந்துவிட்டது. கல்வெட்டு படிக்கப் பழகிய நண்பர் ஒருவர் பதினான்கு பிழைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்து, “இதெல்லாம் ஒரு நாவலா?” என்றார். இன்னொருவர், “கதை என்றாலே கற்பனைதானே, இதில் போய்ப் பிழை பார்ப்பார்களா?” என்றார். இரண்டுமே எனக்கு முழுதாக ஒப்பவில்லை.

அரண்மனைச் சதி, ஒற்றர்கள், இளவயதுக் காதல் எல்லாம் விறுவிறுப்பாகத்தான் போகின்றன. ஆனால் அரசி கோயில் திருப்பணியில் இறங்குவது ஒரே ஒரு அத்தியாயம். “துயரத்தை மறக்க இறைபணியில் ஆழ்ந்தார்” என்று முடிந்துவிடுகிறது. திருக்கோடிக்காவலில் பழைய கல்வெட்டுகளைப் படியெடுக்கச் சொல்லும் சின்னக் காட்சி மட்டும் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. அது ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கால அரசிகளைப் பற்றிய ஒரு நாவலின் தரத்தை எதை வைத்துப் பார்ப்பது?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

முதலில் உங்கள் நண்பரின் பட்டியலைப் பற்றி. பிழைகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. பத்தாம் நூற்றாண்டு அடுக்களையில் மிளகாய் வறுபட்டால் அது தவறுதான். போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் மிளகாய் இங்கே வந்தது. அடுத்த பதிப்பில் அந்த இடத்தில் மிளகு என்று மாற்றிவிடலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அரசி எழுப்பிய கோயிலுக்கு வானைத் தொடும் ராஜகோபுரம் என்று எழுதியிருந்தால், அதை அப்படி விட்டுவிட முடியாது. அத்தகைய கோபுரங்கள் பிற்காலத்தவை என்பதோடு அது நிற்பதில்லை. செம்பியன் மாதேவியின் கோயில்கள் அளவானவை. திருநல்லம், திருக்கோடிக்காவல், தென்குரங்காடுதுறை, குத்தாலம், ஆனாங்கூர், விருத்தாசலம் என்று ஊர் ஊராகப் போனவர் அவர். பாடல் பெற்ற தலங்களில் செங்கல் தளியாக, அதாவது செங்கல் கோயிலாக, இருந்ததைக் கற்றளியாக்கினார், கல்லால் கட்டினார். ஒரே இடத்தில் 200 அடிக்கு மேல் விமானம் எழுப்பியது அவர் பேரன் முறையுள்ள ராஜராஜன். இவருடைய மனம் வேறு விதமானது. அந்த நாவலாசிரியர் கோபுரத்தை உயர்த்தும்போது ஆளையே மாற்றிவிடுகிறார். உங்கள் நண்பர் இந்தப் பிழையையும் மிளகாயையும் ஒரே பட்டியலில் போட்டிருந்தால் பட்டியலைத்தான் திருத்த வேண்டும்.

சரி, பிழை இல்லாமல் எழுதிவிட்டால் நல்ல நாவல் ஆகிவிடுமா? ஆகாது. நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். அதைச் சொல்லக் கல்வெட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

செம்பியன் மாதேவி கல்வெட்டுகளில் எப்படி வருகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? மழவரையர் மகளார். கண்டராதித்தரின் தேவியார். உத்தம சோழரைத் ‘திருவயிறு வாய்த்த’ பிராட்டியார். ‘செம்பியன் மாதேவி’ என்பதே பட்டப்பெயர்தான், சோழனின் பெருந்தேவி என்று பொருள். தகப்பன், கணவன், மகன் என்று மூன்று ஆண்களைத் தாண்டித்தான் அவரிடம் போய்ச் சேர முடிகிறது. நம் நாவல்களில் பெரும்பாலானவை இங்கேயே நின்றுவிடுகின்றன. மகளாக இருந்தபோது ஒரு காதல், மனைவியாக ஒரு பிரிவு, தாயாக ஒரு கலக்கம். எல்லாம் யாரோ அவருக்குச் செய்வது, அல்லது யாருக்காகவோ அவர் அழுவது.

ஆனால் கல்வெட்டு வாக்கியம் அங்கே முடிவதில்லை. கடைசியில் ஒரு வினை வரும். அந்த வினை அந்த மூன்று ஆண்களில் யாருக்கும் உரியது அல்ல. அவர்கள் மூவரும் அடைமொழி, எழுவாய் இவர்தான். அந்த வினையும் பெரும்பாலும் பிறவினையாகவே இருக்கும். கற்றளி செய்வித்தார், எழுந்தருளுவித்தார் என்று.

செய்தார் என்பதற்கும் செய்வித்தார் என்பதற்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். கல் எங்கிருந்து வந்தது? காவிரிக் கரையில் பாறை ஏது? வண்டி கட்டி இழுத்தவர்களுக்குக் கூலி எந்தப் பண்டாரத்திலிருந்து போனது? பழைய தளியைப் பிரிக்கும்போது மூலவரை எங்கே வைத்தார்கள்? ஊர்ச்சபை ஒப்புக்கொண்டதா, முனகியதா? ஓர் அரசி தன் சொல்லை இத்தனை பேர் கைகளுக்குள் எப்படிச் செலுத்தினார்? நாவல் இருக்க வேண்டிய இடம் இது என்று நான் நினைக்கிறேன். செய்வித்தார் என்று கல் சொல்லிவிட்டது. எப்படி, ஏன் என்பதைச் சொல்லவில்லை. அதை எழுதத்தானே நாவலாசிரியர் வேண்டும்?

கோனேரிராஜபுரத்துக்கு நீங்கள் ஒருமுறை போய்வர வேண்டும். அதுதான் பழைய திருநல்லம். கும்பகோணத்திலிருந்து காரைக்கால் சாலையில் எஸ்.புதூர் போய்த் திரும்ப வேண்டும். எல்லோரும் அங்குள்ள பெரிய நடராஜரைப் பார்க்கத்தான் போவார்கள். நீங்கள் தென்புறச் சுவருக்குப் போங்கள். கண்டராதித்தர் லிங்கத்தின் முன் அமர்ந்து வணங்குவது போல ஒரு சின்னச் சிற்பம் இருக்கும், அதனோடு எழுத்து. செம்பியன் மாதேவியார் தம் கணவரின் திருநாமத்தால் இந்தக் கற்றளியை எழுந்தருளுவித்து, இறைவனைத் ‘திருவடி தொழுகின்றாராக’ எழுந்தருளுவித்த கண்டராதித்த தேவர் ‘இவர்’ என்று அந்த எழுத்து சொல்கிறது. நான் முதல்முறை போனது ஒரு மார்கழிக் காலை. தரை சில்லிட்டுக் கிடந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் வேட்டி முனையால் கல்லின் தூசியைத் தட்டிவிட்டு, எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினார். கடைசியில் அந்த ‘இவர்’ வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இறந்து பல ஆண்டுகள் ஆன கணவரை, விரல் நீட்டி, “இதோ இவர்தான்” என்று காட்டுகிறார் ஒரு மனைவி. ஆயிரம் ஆண்டுகளாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சுவரில் இன்னொரு பெயரும் இருக்கிறது. ஆலத்தூர்க்காரர் சாத்தன் குணபத்தன், இந்தக் கற்றளியை முன்னின்று செய்வித்தவர். அந்த வேலைக்காகப் பட்டமும் பெற்றார். நான் சொன்ன பிறவினைக்கு இதோ ஓர் ஆள் கிடைத்துவிட்டார். அரசிக்கும் குணபத்தனுக்கும் இடையே எத்தனை பேச்சு நடந்திருக்கும்! கணக்கு, காலதாமதம், கல்லில் விழுந்த கீறல், சிற்பத்தில் முகம் சரியாக வரவில்லை என்று அரசி சொன்னாரா, வந்துவிட்டது என்றாரா? இதில் ஒரு வரிகூட உங்கள் நாவலில் இல்லை என்றால், அதிலுள்ள ஒற்றர்கள் எவ்வளவு வேகமாகக் குதிரை விட்டாலும் எனக்கு அது போதாது.

“துயரத்தை மறக்க இறைபணியில் ஆழ்ந்தார்” என்ற வரி உங்களை உறுத்தியது சரிதான். கணவர் இறந்தது 957 வாக்கில். மகன் சிறுபிள்ளை. அரியணை கணவரின் தம்பி அரிஞ்சயருக்கும், பிறகு அவர் மகன் சுந்தர சோழருக்கும் போனது. 1001 வாக்கில்கூட இந்த அம்மையாரின் பெயர் கல்வெட்டில் வருகிறது. அப்போது அறுபதைத் தாண்டியிருப்பார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் துயரத்தை மறந்துகொண்டே இருப்பாரா? அது அவருடைய தொழில், அவருடைய வாழ்க்கை. கணவர் வெறும் அரசர் அல்ல, தில்லைக் கூத்தனைப் பாடியவர். அவருடைய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. மனைவி எழுப்பிய கோயில்களின் சுவர் மாடங்களில் அதே ஆடவல்லான் கல்லில் வந்து நிற்கிறார். பாட்டில் இருந்தவரைக் கல்லுக்குக் கொண்டுவந்தது அன்பா, பக்தியா, பிடிவாதமா, மூன்றும் சேர்ந்ததா? நல்ல நாவலாசிரியர் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நூறு பக்கம் எழுதுவார்.

வயதை எழுதத் தெரிந்திருக்கிறதா என்பதையும் பார்ப்பேன். நம் சரித்திரக் கதைகளில் அரசிகளுக்கு இருபத்தைந்து தாண்டுவதில்லை. தாண்டினால் மூலையில் உட்கார்ந்து ஆசி கூறுகிறார்கள். குந்தவையை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியை அரசனாக்கும் இளம்பெண்ணாகவே அவரை எழுதி எழுதி நமக்கும் அப்படியே பதிந்துவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன், ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்று வெட்டச் சொல்கிறான். தனக்கு அடுத்து அக்கன், அதற்குப் பிறகுதான் தேவியர். அந்த அக்கன் அப்போது முதியவர். அவர் அந்தக் கோயிலில் வைத்த திருமேனிகளில் இரண்டு, தம் தகப்பனாருடையதும் தாயாருடையதும்.

தாயார் வானவன் மாதேவி யார்? சுந்தர சோழர் இறந்தபோது பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறியவர். திருக்கோவலூர்க் கல்வெட்டுப் பாட்டு அவரை ‘முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்’ என்று போற்றுகிறது. மகள் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தாயைச் செம்பில் வார்க்கச் சொல்கிறாள். வார்ப்பவரிடம் அம்மாவின் சாயலை அவள் எப்படிச் சொல்லியிருப்பாள்? அந்த நெருப்பு அவள் நினைவில் எந்த உருவில் இருந்தது?

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒருசாரார் தீப்பாய்ந்ததைத் தியாகம் என்று பூப்போட்டுக் கும்பிட்டு முடித்துவிடுகிறார்கள். இன்னொருசாரார் குந்தவையின் வாயில் இன்றைய மேடைப் பேச்சை வைத்து அதைக் கண்டிக்க வைக்கிறார்கள். அந்தக் காலத்தவர்கள் அந்தத் தாயை உண்மையாகவே போற்றினார்கள். அழும் பிள்ளையும் உண்மை. பாட்டு எழுதியவரே பிள்ளையை மறைக்கவில்லை, ‘சுரந்த முலைமகப் பிரிந்து’ என்று அதையும் சொல்லித்தான் வைத்திருக்கிறார். கல்வெட்டுப் புலவருக்கு இருந்த நேர்மை நாவலாசிரியருக்கும் வேண்டும். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படி வாழ்ந்தாள் என்று எழுத முடியாதவர்கள் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடலாம்.

சோழ நாட்டுக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். தெலுங்கு நாட்டை ஆண்ட காகதீய ருத்ரம தேவியைக் கல்வெட்டுகள் ‘ருத்ரதேவ மகாராஜா’ என்று ஆண் பெயரால் அழைக்கின்றன. கதை எழுதுகிறவர்களுக்கு உடனே ஆண்வேடம், வாள்சண்டை என்று கை ஊறும். ஆனால் அந்தப் பெயர் வாழ்நாள் முழுக்க ஒருவர் தூக்கிச் சுமந்த ஆட்சிப் பெயர். 1289ஆம் ஆண்டுச் சந்துபட்லக் கல்வெட்டிலிருந்து அவரும் அவர் தளபதி மல்லிகார்ஜுன நாயகரும் இறந்த செய்தி தெரிகிறது. ஆண் பெயரில் ஆணையிடும் ஒரு பெண், தன் அறையில் தன்னை எந்தப் பெயரால் நினைத்துக்கொள்வாள்? இதைக் கேட்காமல் எழுதினால் மீசை ஒட்டிய காட்சி மட்டும்தான் மிஞ்சும்.

உங்கள் நாவலின் சதிக்கு வருகிறேன். சதி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. ராஜராஜனின் இரண்டாம் ஆண்டு உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்லித் துரோகிகளின் சொத்தைப் பறிக்கிறது. அந்தக் கொலைக்குப் பிறகு அரியணை ஏறியது செம்பியன் மாதேவியின் மகன். ஊர் என்ன பேசியிருக்கும்? அந்தத் தாய் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு மறுநாள் காலை எப்படிக் கோயில் வாசலில் நின்றிருப்பார்? பிறகு ராஜராஜன் ஆட்சிக்கு வந்தபோதும் அவருடைய மதிப்பு குறையவில்லை. ராஜேந்திரன் 1019இல் அவர் பெயர் கொண்ட ஊரிலேயே அவருக்குத் திருமேனி வைத்தான். கொலையுண்டவனின் குடும்பம் இப்படிக் கொண்டாடியது என்றால், அவர் எப்பேர்ப்பட்டவராக இருந்திருக்க வேண்டும்! ஒற்றர் ஓட்டத்தைவிட எனக்கு இதில்தான் நெஞ்சு படபடக்கிறது. அதே ஊர்க் கோயிலில் உத்தம சோழரின் தேவியர், மாமியாரின் பிறந்த நாளான சித்திரைக் கேட்டையைக் கொண்டாட நிவந்தம், அதாவது கோயிலுக்கு அறக்கொடை, வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த மாமியாரை எந்த நாவலிலும் இதுவரை நான் பார்க்கவில்லை.

திருக்கோடிக்காவல் காட்சி உங்களைவிட்டு ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பழைய தளியைப் பிரித்தபோது அங்கே தனித்தனிக் கற்களில் முந்தைய மன்னர்கள் காலத்துத் தானங்கள் வெட்டப்பட்டிருந்தன. யாரோ எப்போதோ ஒரு விளக்குக்கு விட்ட பொன், ஒரு துண்டு நிலம். புதிய கோயில் கட்டுகிறவர் அவற்றைத் தூக்கிப் போட்டிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? அவர் புதுச் சுவரில் அவற்றையெல்லாம் மறுபடி வெட்டச் சொன்னார். தன் தானத்துக்கு இருக்க வேண்டிய இடத்தைத் தனக்கு முன்னால் கொடுத்தவர்களுக்கு ஒதுக்கினார். அந்த நாவலில் முந்நூறு பக்கங்களாகப் பிறர் செய்ததைத் தாங்கிக்கொண்டிருந்த பெண், அந்த ஒன்றரைப் பக்கத்தில் மட்டும் செய்விக்கிறார். உங்கள் மனம் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் அந்தச் சுவரையும் பாருங்கள். படியெடுத்தவற்றின் மேல் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறித்து வைத்திருக்கிறார்கள்.

அன்புடன்.