‘எல்லாம் பார்த்துட்டோம் சார்’: வீட்டு ஆய்வு அறிக்கையில் எது இருக்கும், எது இருக்காது?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 2006-ல் கட்டிய அடுக்குமாடியில், இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். எங்களுக்கு முன்பே இரண்டு கை மாறியது. விலை ஏறக்குறையப் படிந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகள், “ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணாம அட்வான்ஸ் கொடுக்காதீங்கப்பா” என்கிறாள். புரோக்கர், “அதெல்லாம் புது ஃபிளாட்டுக்குத்தான் சார், இருபது வருஷமா நிக்கிற கட்டடத்துல என்னத்தைப் பார்க்கப் போறாங்க” என்கிறார். ஒரு நிறுவனம் 14,000 ரூபாய் கேட்கிறது. ‘ஏ டு இசட் எல்லாம் பார்ப்போம்’ என்கிறார்கள். உண்மையில் என்னதான் பார்ப்பார்கள்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், நங்கநல்லூர்

பதில்: மகள் பேச்சைக் கேளுங்கள் ஐயா. ஆனால் அந்த ‘ஏ டு இசட்’டை மட்டும் நம்பாதீர்கள்.

வீட்டு ஆய்வு என்றால் கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்பது, கைக்கு எட்டுவதைத் தட்டுவது, கருவி வைத்து அளக்க முடிந்ததை அளப்பது. அவ்வளவுதான். அதுவும் அன்றைய தினம், அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் இருக்கிற நிலைமைக்கு. சுவரை உடைக்க மாட்டார்கள், டைல்ஸைப் பெயர்க்க மாட்டார்கள், பீரோவை நகர்த்த மாட்டார்கள். விற்பவரின் வீடு அது, நகர்த்தவும் கூடாது.

போன வருடம் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பழைய ஃபிளாட் வாங்கியபோது நானும் கூடப் போயிருந்தேன். ஆய்வுக்கு வந்தவர் சின்னப் பையன், சிவில் படித்தவர். முனையில் குண்டு வைத்த மெல்லிய கம்பி ஒன்றை டைல்ஸ் மேல் தட்டிக்கொண்டே நடந்தார். ‘டக் டக்’ என்று வந்த சத்தம் ஹால் மூலையில் ‘பொக் பொக்’ என்று மாறியது. அடியில் சிமென்ட் பிடிக்கவில்லை என்று அந்த நான்கு டைல்ஸிலும் நீல டேப் ஒட்டினார். அடுத்து படுக்கையறைச் சுவரில் ஈரமானி. தோள் உயரத்தில் ஒன்றுமில்லை, தரையிலிருந்து ஒரு முழம் வரை முள் ஏறிக்கொண்டே போனது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். சொல்ல வேண்டியதில்லை.

பிறகு மெயின் பெட்டியைத் திறந்து, மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்க வேண்டிய ஆர்.சி.சி.பி.யின் ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்தினார். விழவில்லை. மறுபடி அழுத்தினார். அப்போதும் விழவில்லை. வீடுகளில் இது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்க வேண்டும், உயிர் காக்கிற சாமான் அது. “இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே தம்பி” என்றார் வீட்டுக்காரர். பையன் பதில் பேசவில்லை, படம் எடுத்துக்கொண்டார்.

இந்த மாதிரி விஷயங்களில் ஆய்வாளர்கள் கெட்டி. பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா, பாத்ரூம் தண்ணீர் நஹானியை (தரையில் தண்ணீர் வடியும் துளை) நோக்கி ஓடுகிறதா, குழாயில் அழுத்தம் எப்படி, ஜன்னல் சரியாகச் சாத்துகிறதா, ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சஜ்ஜாவுக்கு அடியில் காரை பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்துப் படத்தோடு எழுதித் தருவார்கள். விலை பேச அந்தப் படங்கள் போதும்.

அதே வீட்டில், படுக்கையறையின் ஒரு பக்கம் தரையிலிருந்து லாஃப்ட் வரை பலகை அலமாரி. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பையன் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘அலமாரிக்குப் பின்புறச் சுவர் பார்வைக்குக் கிடைக்கவில்லை.’ நாங்கள் முன்பக்கத்து வண்ணப் படங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. கிரையம் முடிந்து அலமாரியைக் கழற்றினால், பின்னால் சுவர் முழுக்கக் கரையான் கோடு. பையன் மேல் என்ன தப்பு? பார்க்கவில்லை என்று எழுதித்தானே கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து யார் அறிக்கை காட்டினாலும் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன்.

உங்களுக்கு வரும் அறிக்கையிலும் அந்தப் பக்கம் நீளமாகவே இருக்கும். அஸ்திவாரம், அடிமண், கான்கிரீட்டின் பலம், சுவருக்குள் ஓடும் குழாய், பைப்புக்குள் இருக்கும் ஒயர் எதுவும் அவர்கள் கணக்கில் வராது. லிஃப்ட், சம்ப், மொட்டை மாடி, பொதுத் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பெரும்பாலும் தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். மொட்டை மாடியை விடாதீர்கள், மேல்மாடி ஒழுகினால் பராமரிப்புச் செலவில் உங்கள் பங்கும் உண்டு. போர் தண்ணீரையும் கேளுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம் என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. ஒரு சின்ன மீட்டரை நனைத்தால் தெரிந்துவிடும்.

கட்டடத்தின் பலம் வேறு கதை. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே அதன் ஜோடிக் கட்டடம் நேராகத்தான் நின்றுகொண்டிருந்தது. அதுவும் பாதுகாப்பில்லாதது என்று முடிவாகி, 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நிற்கிற கட்டடத்தை நின்று பார்த்து பலம் சொல்ல முடியாது. புரோக்கரிடம் இதைச் சொல்லுங்கள்.

2006 கட்டடத்தில் நீங்கள் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டியது சீலிங்கை. தளத்துக் கம்பியை மூடி அடியில் இருக்கும் கான்கிரீட் சாதாரணமாக 20 மில்லிமீட்டர்தான், அதுவும் ஒழுங்காகப் போட்டிருந்தால். வருடக்கணக்கில் ஈரமும் காற்றும் உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும் என்பதால் கான்கிரீட்டைக் கீழே தள்ளும். சீலிங்கில் பழுப்புக் கறை, உப்பல், கம்பி ஓடும் கோட்டிலேயே ஒரு விரிசல் தெரிந்தால், ஆய்வாளர் ‘ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் காட்டவும்’ என்று எழுதுவார். சம்பிரதாயத்துக்கு எழுதியது என்று தாண்டிப் போகாதீர்கள். சுத்தியல் சோதனை, மீயொலிச் சோதனை எல்லாம் அந்த இன்ஜினீயர் செய்ய வேண்டியவை, செலவும் தனி.

எல்லா விரிசலுக்கும் பயப்பட வேண்டாம். பூச்சில் தலைமுடிபோல வலை வலையாக இருப்பது பூச்சு காய்ந்த விரிசல். செங்கல் சுவரும் பீமும் சேருமிடத்தில் படுக்கையாக ஒரு கோடு இருப்பதும் சகஜம். தூணில் நெட்டுக்குத்தாக, துருக்கறையோடு வருவது வேறு ரகம்.

மழைநீர் விஷயமும் அறிக்கையில் வராது. 2015 டிசம்பரில் வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கமெல்லாம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வீடு இரண்டாவது மாடி, சரி. கார் எங்கே நிற்கும், ஈ.பி. மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது? அந்தத் தெருவில் இஸ்திரி வண்டி போடுபவரிடம் கேட்டால் எந்த வருடம் எத்தனை அடி நின்றது என்று காலில் தொட்டுக் காட்டுவார்.

பத்திரம் வக்கீல் வேலை. தாய்ப் பத்திரம், வில்லங்கம், பிரிக்கப்படாத மனைப் பங்கு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இந்த மாடி இருக்கிறதா என்பதையெல்லாம் ஆய்வாளர் தொடவே மாட்டார். என்னைக் கேட்டால் முதலில் வக்கீல், அவர் சரி என்ற பிறகு ஆய்வு. பத்திரம் சரியில்லாத வீட்டுக்கு ஈரமானி வைத்து என்ன பண்ணுவது?

கேள்வி: வங்கிக் கடன் போட்டிருக்கிறோம். வங்கியே இன்ஜினீயரை அனுப்பி வீட்டைப் பார்த்துவிட்டது. அப்புறம் எதற்குத் தனி ஆய்வு?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: அவர் மதிப்பீட்டாளர். நீங்கள் கடனைக் கட்டாவிட்டால் அந்த வீட்டை விற்று வங்கி பணத்தை எடுக்க முடியுமா என்று பார்க்க வந்தவர். மனை, அளவு, வயது, அக்கம்பக்கத்து விலை, இவைதான் அவர் கணக்கு. உங்கள் பாத்ரூம் ஒழுகினால் வங்கிக்கு ஒன்றுமில்லை. கட்டணம் உங்களிடம் வாங்கினாலும் அவர் அறிக்கை கொடுப்பது வங்கிக்குத்தான்.

கேள்வி: மே மாதம் ஒரு நிறுவனத்தை வைத்து ஆய்வு செய்து, ‘பெரிய குறை ஏதும் இல்லை’ என்ற அறிக்கையை நம்பிப் பழைய ஃபிளாட் வாங்கினேன். ஐப்பசி மழையில் மேற்குச் சுவர் முழுக்க ஓதம், பெயின்ட் பொரிந்து உதிர்கிறது. நிறுவனத்தைக் கேட்டால் ‘நாங்கள் பார்த்த அன்று சுவர் காய்ந்திருந்தது’ என்கிறார்கள். நஷ்ட ஈடு கிடைக்குமா?
- வாசகர், பல்லாவரம்

பதில்: கஷ்டமான கேள்வி. கத்திரி வெயிலில் ஈரமானி எதைக் காட்டும்? வெப்பக் கேமரா வைத்திருப்பார்கள், அதைச் சுவருக்குள் பார்க்கும் எக்ஸ்ரே என்று பலரும் நினைக்கிறார்கள். அது சுவரின் மேற்பரப்பில் எங்கே குளிர்ச்சி, எங்கே சூடு என்று மட்டும்தான் காட்டும். ஈரம் இருந்தால் அந்த இடம் குளிர்ந்து தெரியும், இல்லாத ஈரத்தை அது காட்டாது. ஆகவே ‘அன்று காய்ந்திருந்தது’ என்பது உண்மையாகவே இருக்கலாம்.

அறிக்கையை எடுத்து இரண்டு விஷயம் தேடுங்கள். மேற்குச் சுவர் புதிதாகப் பெயின்ட் அடித்தது என்றோ, வெளிப்பக்கம் விரிசல் என்றோ எங்காவது குறிப்பு இருக்கிறதா? இருந்தால் அவர்கள் தப்பித்தார்கள். வெளிச்சுவரில் கண்ணுக்குத் தெரியும் விரிசல் அன்றே இருந்து, அறிக்கையில் ஒரு வார்த்தைகூட இல்லையென்றால் அது சேவைக் குறைபாடு. அவர்களே எடுத்த படங்களில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

‘எங்கள் பொறுப்பு நீங்கள் செலுத்திய கட்டணத்துக்கு மேல் இல்லை’ என்ற வரியும் ஒப்பந்தத்தில் அநேகமாக இருக்கும். அதைக் காட்டியதும் பயந்துவிட வேண்டாம், அதற்காகப் பெரிய தொகைக்குக் கனவும் காண வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சரிப்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடக் கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

விற்றவரை மறந்துவிட்டீர்களே! 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு. வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்தில் இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்லியாக வேண்டும். நான்கு சுவர் அழுக்காக இருக்க மேற்குச் சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாரா? போன வருட மழையில் அவர் அசோசியேஷனுக்குப் புகார் எழுதியிருக்கிறாரா? வாட்ஸ்அப் குழுவில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் ஆய்வு அறிக்கையைவிடப் பலமான சாட்சி. ஆனால் இது சிவில் கோர்ட் வழக்கு, வக்கீலோடு உட்கார்ந்து வரவு செலவு பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: சிறுசேரியில் புது ஃபிளாட். சாவி கொடுக்கத் தேதி சொல்லிவிட்டார்கள். ஆய்வாளரை அழைத்து வருகிறோம் என்றால், ‘மூன்றாம் நபருக்கு அனுமதி இல்லை, ஒரு வருட வாரன்டி இருக்கிறதே’ என்கிறார் பில்டர்.
- மென்பொருள் ஊழியர், நாவலூர்

பதில்: அந்த ஒரு வருடம் அவர் கணக்கு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, பிரிவு 14-ன்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிவித்தால், 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நஷ்ட ஈடு. இதை மின்னஞ்சலில் அமைதியாக எழுதி, கூடவே ஆய்வுக்கு ஒரு தேதியும் கேளுங்கள். குரல் மாறும். அப்போதும் முரண்டு பிடித்தால், ஆய்வாளர் உங்கள் மச்சானாக வரட்டும்.

உள்ளே போனதும் கார்பெட் ஏரியாவை அளக்கச் சொல்லுங்கள். உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் அதில் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. ஒப்பந்தத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பாத்ரூம் ஒழுகுமா என்பதை எந்த ஆய்வாளரும் மூன்று மணி நேரத்தில் சொல்ல முடியாது. முதல் நாளே நஹானியைத் துணியால் இறுக்கி அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் விட வேண்டும். பிறகு பார்க்க வேண்டியது உங்கள் பாத்ரூமை அல்ல, கீழ்வீட்டு சீலிங்கை. கீழ்வீட்டுச் சாவி இப்போது பில்டரிடம்தான் இருக்கும், குடிவந்துவிட்டால் கதவைத் தட்டிக் கெஞ்ச வேண்டும்.

‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற கடிதத்தை நீட்டுவார்கள். குறைப் பட்டியலை இணைத்து, ‘இணைப்பில் கண்டவை நீங்கலாக’ என்று உங்கள் கையெழுத்தில் எழுதிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்று வாங்க நினைக்கிறோம். இங்கே ஆய்வு நிறுவனம் எதுவும் எங்களுக்குத் தெரிந்து இல்லை.
- வாசகி, பாபநாசம்

பதில்: இல்லாததால் பெரிய நஷ்டமில்லை. வக்கீலுக்கு பார் கவுன்சில் பதிவு இருப்பதுபோல் இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் தனி உரிமம் எதுவும் கிடையாது. பெயர்ப் பலகை வைத்தவரெல்லாம் ஆய்வாளர்தான். ஓட்டு வீட்டுக்கு வேண்டியது மரம் தெரிந்த தச்சர் ஒருவர், வயதான மேஸ்திரி ஒருவர், எலக்ட்ரீஷியன் ஒருவர். மூன்று பேருக்கும் ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். உத்தரமும் சுவரும் சேரும் இடத்தில், உள்ளே புதைந்திருக்கும் முனையைத் தச்சர் உளியால் குத்திப் பார்க்கட்டும், உளி சுலபமாக இறங்கினால் அந்த உத்தரம் போச்சு. நல்ல மழை பெய்த மறுநாள் போனால் ஓடு தானே எல்லாவற்றையும் சொல்லிவிடும். மேஸ்திரி மட்டும் விற்பவர் ஏற்பாடு செய்த ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.