கடைசியில் நிற்பது யார் பெயர்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. என் மகன் உயிரியல் ஆய்வாளர். ஐந்து ஆண்டுகளில் ஒன்பது கட்டுரைகள், மூன்றில் அவன் பெயரே முதலில். உழைத்தவர் பெயர்தான் முதலில் வரும் என்று அவனே சொல்லியிருக்கிறான். மகள் நான்கு ஆண்டுகளாகக் கணித ஆய்வில் இருக்கிறாள். வந்தது ஒரே கட்டுரை, அதிலும் மூவரில் கடைசிப் பெயர் (பாஸ்போர்ட்டில் உள்ளபடி என் பெயரைப் பின்னால் சேர்த்துப் போட்டிருக்கிறாள்). என் அண்ணனின் மணிவிழாவில் எல்லோர் முன்னும் இதைக் கேட்டேன். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. அவளை எப்படித் திருத்துவது? முதல் பக்க நகலை இணைத்துள்ளேன்.
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: அடைப்புக்குறிக்குள் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரியில்தான் விஷயமே இருக்கிறது. கணிதத்தில் கூட்டாக எழுதுபவர்கள் தங்கள் பெயர்களைக் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்குவதுதான் மரபு. ஒருவர் தந்த யோசனையை இன்னொருவர் வளர்த்தெடுக்கும் வேலையில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்பதை அமெரிக்கக் கணிதச் சங்கம் 2004-ஆம் ஆண்டிலேயே அறிக்கையாக எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகலில் மற்ற இருவரின் குடும்பப் பெயர்கள் 'சி', 'எம்' என்ற எழுத்துகளில் தொடங்குகின்றன. உங்கள் பெயர் 'வி'யில் தொடங்குகிறது. உங்கள் பெயரைத் தன் பெயரோடு சுமந்ததால்தான் உங்கள் மகள் கடைசியில் நிற்கிறாள். அந்தப் பெயருக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறீர்களே, அது உங்களுடைய பெயர் ஐயா!

மகன் சொன்னதிலும் பாதியைத்தான் பிடித்துக்கொண்டீர்கள். உயிரியலில் சோதனைகளைச் செய்தவர் முதலிலும், ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் பெரும்பாலும் கடைசியிலும் வருவார்கள். அங்கேகூடக் கடைசி இடம் தாழ்ந்த இடம் அன்று. எண்ணிக்கையும் அப்படியே. ஆய்வகத்தில் பலர் கைசேர்ந்து செய்யும் வேலை பல கட்டுரைகளாக வரும். கணிதத்திலோ ஒரு நிரூபணத்தை மதிப்பீட்டாளர் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். இதழ் பதில் சொல்ல ஓராண்டு ஆவதும் அங்கே சாதாரணம். நூறாண்டுக் காலம் தீராதிருந்த புவான்கரே ஊகம் என்ற கணிதக் கூற்றை நிரூபித்த ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான், 2002, 2003-ஆம் ஆண்டுகளில் மூன்று கட்டுரைகளை ஆர்க்சைவ் இணையக் களஞ்சியத்தில் இட்டதோடு சரி, எந்த இதழுக்கும் அனுப்பவில்லை; 2006-இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டது. உங்கள் கணக்குப்படி அந்த நிரூபணத்துக்கான பதிப்பு எண்ணிக்கை பூஜ்யம்.

மகளைத் திருத்துவது எப்படி என்று கேட்கிறீர்கள். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பிள்ளையின் தொழில் விளங்காவிட்டால் தனியே அழைத்துக் கேட்பது தந்தையின் கடமை. சபையில் வைத்துக் கேட்டது தவறு. கல்யாணப் பேச்சு முதல் வேலைப் பேச்சு வரை பெண்ணின் மதிப்பை உறவினர் கூடும் இடத்தில் எடைபோடும் வழக்கத்தை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. முதலில் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு உங்கள் அண்ணன் வீட்டுக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போய், மணிவிழாவில் கேட்டவர்களுக்கு அவள் பெயர் ஏன் கடைசியில் இருக்கிறது என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.